கறிவேப்பிலைக்கு மேலே மூன்று லெவல்

"மங்களம், நம்ம ப்ரொட்யூசரை யாரோ தின்னுட்டு இருக்காங்க."

சுந்தரேசன் ப்ரொட்யூசர் என்றது, சிங்கப்பூர் பிடோக் வட்டார அடுக்குமாடியின் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடியை. முப்பது வருடம் டியூஷனில் அறிவியலும் உணவுச் சங்கிலியும் நடத்தியவர். செடியைச் செடி என்று சொல்ல வாய் வராது. 'கேள்வியை ரெண்டு தடவ படிச்சுட்டு எழுது' என்று பிள்ளைகளின் காது புளிக்கச் சொன்னவரும் அவரே.

சனிக்கிழமை தாழ்வாரத் தோட்டப் போட்டி. போன இரண்டு வருடமும் பக்கத்து வீட்டு ருக்ஸானாவின் பாண்டான் செடி பரிசைத் தட்டிக்கொண்டு போனது. மறுபடியும் தோற்றால் லிஃப்டில் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

கறிவேப்பிலையைத் திருப்பினார். பச்சையாய், கொழுகொழுவென்று, ஏழு புழுக்கள்.

"இருந்துட்டுப் போகட்டுமேங்க. அந்தப் போட்டி ஃபாரத்துல..." என்று ஆரம்பித்தாள் மங்களம்.

"ஃபாரத்துல சைன் போட்டாச்சு, விடு. இது ப்ரைமரி கன்ஸ்யூமர். செகண்டரி கன்ஸ்யூமரை வரவழைச்சா கதை முடிஞ்சுது. மருந்தடிக்கிறதெல்லாம் படிக்காதவன் வேலை."

செகண்டரி கன்ஸ்யூமர் என்றால் மைனா. பறவைக்கு இரை போடுவது இந்த ஊரில் குற்றம். ஆகவே சுந்தரேசன் செடியருகே இட்லியைக் கை தவறி விட்டார், தினம் இரண்டு. மைனாக்கள் இட்லியையும் தின்றன, புழுக்களையும் தின்றன. வியாழக்கிழமை ஒரு புழுகூட இல்லை.

வகுப்பு முடிந்தது மைனாக்களுக்குத்தான் தெரியவில்லை. இட்லிக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தன. இலையெல்லாம் எச்சம். ருக்ஸானாவின் துணிக்கம்பிலும் எச்சம்.

"அங்கிள், என் ஆபீஸ் சட்டை மூணும் போச்சு. என்ன லா இது?"

"ஃபுட் செயின்மா. அடுத்த லெவல் வந்தா சரியாயிடும்."

அடுத்த லெவல், கீழ்த்தளத்துப் பூனை. ஒரு கைப்பிடி இக்கான் பிலிஸ் நெத்திலிக் கருவாட்டைக் காட்டி லிஃப்டில் அழைத்து வந்தார். பூனையைக் கண்டதும் மைனாக்கள் பறந்தன, அதில் குறையில்லை. பூனையோ கருவாட்டை முடித்து, தொட்டி மண்ணைத் தோண்டி, காலைக்கடனையும் அங்கேயே கழித்து, செடி மேல் சாய்ந்து தூங்கியது. இரண்டு கிளைகள் ஒடிந்தன. புலிக்கு எங்கே போவது என்று சுந்தரேசன் ஒரு கணம் யோசித்தது உண்மை.

சனிக்கிழமை, மிச்சமிருந்த செடியைக் குச்சி வைத்துக் கட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். அவருக்குப் பயமாகவே இருந்தது. நடுவராக வந்தவள் இளமதி, அவருடைய பழைய டியூஷன் மாணவி. அப்பாடா என்றிருந்தது.

இளமதி குனிந்து இலைகளைப் புரட்டினாள். முகம் மலர்ந்தது.

"இங்க ஒண்ணு, இங்க ரெண்டு... குட்டிக் குட்டியா இருக்கு சார்." ஆசையாகத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். பிறகு டிஷ்யூவைத் தேடினாள்.

"அது மைனா போட்டது. புழு ஒண்ணுகூடக் கிடையாதும்மா," என்றார் சுந்தரேசன் பெருமையாக. "ஏழு இருந்துச்சு. சுத்தமா ஒழிச்சுட்டேன்."

இளமதி விரலைத் துடைத்துக்கொண்டு, அவர் கையெழுத்திட்ட படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், இந்த வருஷம் பட்டாம்பூச்சித் தோட்டப் போட்டி. புழுவுக்குத்தான் மார்க். குட்டிப் புழுவும் எச்சம் மாதிரியேதான் இருக்கும், ஏமாந்துட்டேன். ரெண்டு தடவ படிக்கச் சொல்வீங்களே, நீங்க ஒரு தடவையாவது படிச்சீங்களா?"