மூன்று தடவை இழுத்துப் பார்த்த கல்

சுவரில் ஒட்டிய முதல் கல் காலை ஏழரைக்கு விழுந்தது. அதைப் பார்க்க வெளியே ஓடிவந்த பூட்டு என்கிற பெரியவரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது அவர் சுவரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார்.

பூட்டு என்பது தெரு வைத்த பேர். முப்பது வருஷம் கிடங்கில் வேலை பார்த்தவர். எந்தப் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். மனுஷனையும் அப்படித்தான். கூடப் பிறந்தவன் கும்பிட்டால்கூட, கைக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பார்.

அவர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. படுக்கை மாடியில், அடுப்பு கீழே. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கி அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியாருக்கு மாடியில்லாத வீடு. அவருக்கோ கல்யாணமான மகனைக் குடிவைக்க மாடி வேண்டும். வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு முடிந்திருந்தது. வாத்தியார் வெள்ளிக்கிழமை வந்து கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டால் பத்திரம் எழுத வேண்டியதுதான்.

வெள்ளிக்கு ஒரு வாரம் முன்னால் முன்சுவரில் படர்ந்திருந்த கொடி காய்ந்து உதிர்ந்தது. அது மறைத்துக்கொண்டிருந்த விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை பல்லைக் காட்டியது.

வாத்தியார் வீட்டு ஹாலில் டிவி மாட்டிய சுவர் முழுக்க மெல்லிய அலங்காரக் கல் ஒட்டியிருந்தது. பூட்டு அதையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தவர்தான். அசையவில்லை. அதே மாதிரி முன்சுவருக்கு ஒட்டிவிட்டால் விரிசல் யாருக்குத் தெரியப் போகிறது?

கல் ஒட்ட வரும் மேஸ்திரிக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. அவன் வருவதற்கு முன்னால் தானே விரிசலில் பட்டி மாவை அடைத்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார். பெயிண்டைக் கொத்திவிட்டுத்தான் கல் ஒட்ட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதற்கு, கொத்தினால் கூலி கூடும் என்பதற்காகச் சொல்கிறான் என்று மறுத்துவிட்டார்.

இப்போது மேஸ்திரி உடைந்த கல்லைத் திருப்பிக் காட்டினான். முதுகில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்திருந்தது.

"நான்தான் சொன்னேனே ஐயா. கல்லு என்னவோ நல்லாத்தான் ஒட்டிச்சு. பெயிண்டுதான் சுவத்துல ஒட்டல."

வேறு வழியில்லை. கொத்தினார்கள். நாலாவது கொத்தில் பட்டி பொலபொலவென்று கொட்டியது. இருந்த விரிசல் இரண்டு மடங்காகி நின்றது. பூட்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே போய்விட்டது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, உங்க விரல் இந்தப் பக்கம் தெரியுது."

மேஸ்திரி சித்தாளைப் பார்த்தான். சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் விரிசலை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குழைக்கப் போய்விட்டாள். ஊருக்கே தெரியப்போகிறதே என்று பூட்டு இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை நம்பாமல், வேலை நடந்த மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டைத் தன் வீட்டிலேயே போட்டு, எதிரே உட்கார்ந்து காவல் காத்தார். சமைத்துச் சமைத்து மனைவிக்கு முழங்காலோடு இடுப்பும் போயிற்று.

விரிசலை அடைத்து, கம்பிவலை அடித்துப் பூசி, மறுபடி கல் ஏறியது. மெல்லிய கல்லில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டதால் கடைக்குப் போய்த் தடித்த கல்லாக மாற்றி வந்திருந்தார். ஒட்டி முடித்ததும் வாசல் கம்பிக் கதவு கல்லில் இடித்துப் பாதிதான் திறந்தது. உள்ளே வர வேண்டுமென்றால் நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் வர வேண்டும். அழைப்பு மணியும் கல்லுக்குள் புதைந்துபோய், தானாகவே அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வீட்டுக்கே மின்சாரத்தை அணைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கீழ் வரிசையில் ஏழு கல் மறுபடி விழுந்தன. மேஸ்திரிக்குப் புரியவில்லை. சித்தாள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்: பசை காய்வதற்குள் ஐயா ஒவ்வொரு கல்லாக இழுத்துப் பார்க்கிறார்.

"இழுத்துப் பார்க்காம எப்படிம்மா நம்புறது?" என்றார் பூட்டு.

மனைவி அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "நீங்க நம்ப வேணாம். காய்ஞ்சா போதும்."

வெள்ளிக்கிழமை வாத்தியார் வந்தார். கனத்த உடம்பு. கம்பிக் கதவில் ஒருக்களித்து, வயிற்றை எக்கி, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பறிகொடுத்து உள்ளே வந்தார். மின்சாரம் ஏன் இல்லை என்றுகூடக் கேட்கவில்லை. மாடியை எட்டிப் பார்த்தார். வெளியே வந்து முன்சுவரைப் பார்த்து, கல் பிரமாதம் என்றார். நாலே நிமிஷம்.

"திங்கக்கிழமையே எழுதிடலாமா?"

பூட்டு அதிர்ந்துபோனார். ஒரு சுவரைத் தட்டவில்லை, ஒரு குழாயைத் திறக்கவில்லை. பத்து ஊருக்குப் பாடம் சொன்ன மனுஷன் இப்படி ஒரு ஏமாளியா? பாவம், சொல்லிவிடலாமா என்றுகூட அரை நிமிஷம் யோசித்தார். மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் யோசனையை விட்டுவிட்டார்.

திங்கள் பத்திரம் பதிவானது. சாவி கை மாறியது. மறுநாள் காலை சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வாசல் பூட்டை ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார் பூட்டு. இனி அது வாத்தியார் பாடு.

விட்டுப்போன சிமெண்ட் சட்டியை எடுக்கச் சித்தாள் வந்திருந்தாள். எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டாள். வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி சந்தோஷமாக அடையாளம் சொன்னாள். மாடி கிடையாது, ஹாலில் டிவி சுவர் பூராவும் கல்.

சித்தாள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சுவரும் நாங்க ஒட்டினதுதான் ஐயா. அங்கயும் சத்தியம் வாங்கினாங்க. உங்க சுவத்துல விரல்தானே போச்சு, அந்த விரிசல்ல எனக்கு முழங்கை வரைக்கும் போச்சு."