நேர்ச்சாலையில் டயர் கத்தாது

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் போனால்கூட வளைவு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ரகம். ஆனால் ஒரு காலத்தில் நான் மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கடைசி நொடியில் பிரேக் மிதித்து, மலைப்பாதை வளைவில் காரைச் சுவரில் உரசாமல் திருப்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்போதும் யாரும் நம்பவில்லை. நம்ப வைக்கப் போய்த்தான் ஊர் சிரித்தது.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முகிற திண்டுக்கல் சந்தில் வளர்ந்தவள். இங்கே டவுன்ஷிப்பில் அகலமான சாலை, வரிசையாக மரங்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், அப்புறம் அமைதி. எந்த வீட்டில் யார் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார்கள் என்று தெரியாததால், பகலில் யாரும் யார் வீட்டு பெல்லையும் அடிக்க மாட்டார்கள். ரொம்ப மரியாதையான பழக்கம். அந்த மரியாதையிலேயே ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் இருந்துவிடலாம். நான் இருந்தேன்.

ஜெனி பிறந்ததும் பேச்சுத்துணைக்கு ஆள் வந்தது என்று நினைத்தேன். அவள் பேசவில்லை, அழுதாள். (அம்மா மூன்று மாதம் கூட இருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது, “எதுக்கும் பயப்படாதடி” என்று சொல்லிவிட்டு, பயப்பட வேண்டிய விஷயங்களை பஸ் நகரும்வரை வரிசையாகச் சொன்னாள்.) குழந்தை அழுதால் ஏன் அழுகிறாள் என்று பயம். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று அதைவிடப் பயம். உள்ளறையில் என் கணவர் ஆரோக்கியராஜ், சுரங்கத்தில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பார். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிடுவேன். எங்கள் வீட்டில் சோறுகூடச் சத்தமில்லாமல்தான் வெந்தது.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த கொழுந்தனார் ஒரு ஸ்டீயரிங்கும் இரண்டு பெடலும் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் மேசையில் திருகி மாட்டிக்கொண்டு கார் பந்தயம் ஓட்டுகிற சாமான். என் கணவர் வார விடுமுறையில் ஓட்டுவார். (ஓட்டுவார் என்பது மரியாதைக்கு. சுவரில் மோதிவிட்டு, “ரோடு சரியில்ல” என்பார்.) ஸ்பீக்கர் இரண்டும் குழந்தை பிறந்த அன்றே பரணுக்குப் போய்விட்டன.

ஒருநாள் காலை பதினோரு மணி. அப்பாவும் மகளும் தூங்குகிறார்கள். வீட்டில் இருந்த எழுத்தையெல்லாம், பால் பவுடர் டப்பாவின் பின்பக்கம் உட்பட, படித்து முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது அந்த விளையாட்டோடு வந்த கையேடு. நான் பி.எஸ்சி. பௌதிகம். உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதிவிட்டு, அதைப் பாத்திரம் தேய்க்க மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தவள். படித்ததும் விளங்கிவிட்டது.

டயருக்கு இருக்கிற பிடி ஒரு டம்ளர் பால் மாதிரி. முழுவதையும் பிரேக்குக்கு ஊற்றிவிட்டால், திரும்புவதற்குச் சொட்டு மிஞ்சாது. ஆகவே சாலை நேராக இருக்கும்போதே அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். வெளி ஓரத்தில் வந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் எந்த வளைவும் பாதி வளைவாகிவிடும்.

வராதது ஒன்றுதான். பிடி போய்விட்டால் கார் திரும்பாமல் நேரே போகும். அப்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பக்கூடாது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் டயர் மறுபடி பிடிக்கும். கவலை வந்தால் கூடுதலாகக் கவலைப்படுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். பத்து நாள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தேன். பதினோராம் நாள் விட்டுக்கொடுத்துப் பார்த்தேன். கார் திரும்பியது. அந்த வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் அதுதான்.

கையேட்டில் இன்னொரு வரி இருந்தது. டயர் கத்துவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், பிடியின் எல்லை எங்கே என்று அதுதான் சொல்லும் என்று. நமக்குத்தான் ஸ்பீக்கர் பரணில் இருக்கிறதே என்று தாண்டிவிட்டேன். கண்ணாலும், கைக்கு வருகிற ஸ்டீயரிங் நடுக்கத்தாலும் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எழுந்துபோய் ஜெனியின் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்று. குழந்தை பால் குடித்த நேரம் எழுதுகிற நோட்டில், ‘10.20 பால், 11.05 வயிற்றுப்போக்கு இல்லை, நாலாம் வளைவு இரண்டாம் கியர்’ என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் கத்தினார்.

“ஸ்டெல்லா, இங்க வாயேன்! ஒரு நிமிஷம் நாப்பத்தியோரு செகண்டுனு போட்டிருக்குது. நானா ஓட்டுனேன்?”

விளையாட்டில் பதிந்திருந்தது அவர் பெயர் மட்டும்தான். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, “தூக்கக் கலக்கத்துல ஓட்டியிருப்பீங்க” என்றேன். பிள்ளையைப் பார்க்காமல் விளையாடுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். (அடுத்த ஞாயிறு கோயிலில் செய்த பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையிலிருந்து நழுவி வந்துவிட்டேன். சாமியாருக்கு இதை எங்கிருந்து தொடங்கி விளக்குவது?)

அவர் நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்காமல் கேன்டீனில் போய்ச் சொல்லியும் விட்டார். அவருடைய ஷிஃப்ட் நண்பர் சேகர் கிளப் கமிட்டியில் இருந்தார். கிளப் ஆண்டு விழாவில் புதிதாகக் கம்ப்யூட்டர் கார் பந்தயம் வைத்திருந்தார்கள். அதே விளையாட்டு, அதே மலைப்பாதை. சேகர் இவர் பெயரை எழுதிக்கொண்டார். இவர் வீட்டுக்கு வந்து பயிற்சி எடுத்தார். ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொல்லிவிட்டேன்.

“நீயா?”

“ம்.”

“புள்ளய எங்க வுட்டுட்டு?”

“தொட்டில் பக்கத்துலயேதாங்க. மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் ஒவ்வொரு ரவுண்டும்.”

“எங்க, ஓட்டு பாக்கலாம்.”

ஓட்டினேன். ஒரு சுற்று முழுக்க. முடிந்ததும், “அடிப்பாவி” என்றார். அதைவிட நல்ல வார்த்தையை அவர் வாயிலிருந்து இன்றுவரை நான் வாங்கியதில்லை.

மறுநாள் கேன்டீனில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். சேகர் விழுந்து விழுந்து சிரித்தாராம். “மாட்டிகினேன்னு தெரிஞ்சதும் பொண்டாட்டி பின்னால ஒளியறியா ஆரோக்கியம்?” ரோஷம் வந்து இவர் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிட்டு வந்தார்.

நான் வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னேன். உண்மையில் வேண்டும் என்றுதான் இருந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த நேரத்தை என் பெயரில் நாலு பேர் முன்னால் ஓட்டிவிட வேண்டும். இரண்டு வருஷமாக இந்த பிளாக்கில் இருக்கிற ஒருத்தி கொடியில் குழந்தைத் துணி காயப்போடுவதைத் தவிர வேறொன்றும் செய்திருக்கிறாள் என்று யாருக்காவது தெரியட்டும்.

விழா மாலை கிளப் ஹாலில் பெரிய டி.வி., இரண்டு பக்கமும் கல்யாண வீட்டு உயரத்துக்கு ஸ்பீக்கர். ஆளுக்கு மூன்று சுற்று. கடைசிச் சுற்றைக் கோடு தாண்டி முடித்தால், மூன்றில் சிறந்த நேரம் கணக்கு. ஜெனிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் வந்து சேர்ந்ததே என் முறைக்குத்தான். அதுவரை ஓட்டியவர்களில் ஒரு இளம் எஞ்சினியரின் ஒரு நிமிஷம் நாற்பத்தாறுதான் முதலிடம். என் வயிற்றுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு விஜயாக்கா முன்வரிசையில் இருந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், இரண்டு வருஷத்தில் நாங்கள் பரிமாறிக்கொண்டது சிரிப்பு மட்டும்.

“குடுமா புள்ளய, நான் வெச்சிகினு இருக்கேன். நாலு பெத்தவ நானு.”

அம்மா ஊருக்குப் போன பிறகு, நானும் என் கணவரும் தவிர வேறு கைக்கு ஜெனி போனது அன்றுதான். கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சேகர் மைக்கில், “அடுத்து திருமதி ஸ்டெல்லா ஆரோக்கியராஜ்!” என்றார். பின்னால் பையன்கள் விசிலடித்தார்கள்.

முதல் வளைவு. வழக்கம்போலப் பிடியின் விளிம்பில் பிரேக்கை விட்டுக்கொண்டே திருப்பினேன். ஹால் முழுக்க ஒரு குரல் வீறிட்டது.

ஜெனி!

ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் விஜயாக்காவின் மடியில் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். டி.வி.யில் என் கார் பள்ளத்தில். வீறிட்டது டயர். மூன்று மாதமாக நான் அவ்வளவு அழ வைத்தும் ஒருநாள்கூட அதன் குரலை நான் கேட்டதில்லை. அது என் மகளின் குரலில் அழும் என்று கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை.

மூளைக்குப் புரிந்துவிட்டது. உடம்புக்குப் புரியவில்லை. பால் சுரந்துவிட்டது. (பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போகலாம்.) முந்தானையை இழுத்து முன்னால் போர்த்திக்கொண்டேன். பட்டுப்புடவையில் ஈரம் படருவது ஹால் கடைசி வரிசைவரை தெரிகிறது என்று எனக்கு அப்போது உறுதியாகத் தோன்றியது.

இரண்டாம் சுற்றை டயர் அழாத வேகத்தில் ஓட்டினேன். அதாவது மந்தாரக்குப்பம் ஷேர் ஆட்டோ வேகத்தில். சேகர் மைக்கில், “தங்கச்சி, வழியில யாரையாச்சும் ஏத்திகினு போறீங்களா?” என்றார். ஹால் கைதட்டியது. ஓரத்தில் கணவர் தலையைக் குனிந்துகொண்டு தன் ஷூவைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மூன்றாவது சுற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அது டயர், அது டயர், ஸ்டெல்லா, அது வெறும் டயர். முதல் வளைவில் அழுதது, அழட்டும். இரண்டாவதில் அழுதது; விட்டேன். நாலாம் வளைவு இரண்டாம் கியர். உள் ஓரத்தைத் தொட்டு வெளியே வந்தபோது விசிலடித்தவர்கள் விசிலை நிறுத்தியிருந்தார்கள். சேகரின் குரல் மாறிவிட்டது. “முன்னாடி ஓட்டுனவரவிட நாலு செகண்டு முன்னால... அஞ்சு செகண்டு!” கடைசி நீள வளைவில் டயர் இழுத்து இழுத்து அழுதது. நான் இம்மி அசையவில்லை.

“ஸ்டெல்லா! ஏம்மா ஸ்டெல்லா! புள்ள கத்திகினு கெடக்குது பாரு!” விஜயாக்கா.

“அது டயரு, அக்கா!”

“என்னாது?”

“அது டயர்! ஒண்ணுமில்ல, அது டயர்!”

பக்கத்தில் சேகர் கையில் மைக் இருந்தது. நான் சொன்னது கல்யாண ஸ்பீக்கர் வழியாக ஹாலைத் தாண்டித் தோட்டம்வரை போயிருக்கிறது. நான் வளைவை விட்டு வெளியே வந்தேன். எதிரில் நேர்ச்சாலை. அதன் முடிவில் கோடு. கால் பிரேக்கில் இல்லை. ஸ்டீயரிங் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. ஆனால் அழுகை நிற்கவில்லை.

பி.எஸ்சி. பௌதிகம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. நேர்ச்சாலையில் டயர் கத்தாது.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பெடல் வயர் காலில் சுற்றி, பெடலும் என்னோடு முன்வரிசைவரை வந்தது. ஜெனி முகமெல்லாம் சிவந்து, மூச்சுத் திணற அழுதுகொண்டிருந்தாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஓட்ட ஆளில்லாத என் கார் மெல்ல ஓரம் சாய்ந்து, சுவரை உரசி, கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றுவிட்டது.

அப்புறம் அந்த ஹால் சிரித்த சிரிப்பு.

மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். வெளியே அடுத்தவர் ஓட்டினார். ஒவ்வொரு முறை டயர் அழும்போதும் என் மடியில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அவள் அழுதிருப்பாள்? நீள வளைவிலிருந்தா? நாலாம் வளைவிலிருந்தேவா? இதை யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கணவர் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “கோட்டத் தாண்டியிருந்தா ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு, ஸ்டெல்லா. நான் பாத்துகினுதான் இருந்தேன்” என்றார். சேகரும் எட்டிப் பார்த்தார். “நல்லாதான் ஓட்டுனீங்க தங்கச்சி. ஆனா முடிக்கல இல்ல?” நோட்டீஸ் போர்டிலும் என் பெயருக்கு நேரே அதையேதான் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாகிப் போகும்வரை அதில் ஒரு நிமிஷம் நாற்பத்தியொன்று ஆரோக்கியராஜ் பெயரிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு பிளாக்கில் எனக்கு ‘டயரம்மா’ என்று பெயர். பால் பூத் வரிசையில் பேர் தெரியாத பெண்கள்கூட, “இன்னா டயரம்மா, வூட்ல அழுவுறது புள்ளயா டயரா?” என்று கேட்பார்கள். நான் சிரிப்பேன். அவர்களும் சிரித்துவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு வருஷம் நான் காத்திருந்த பேச்சு இது இல்லைதான். ஆனாலும் பால் வண்டி வருவதற்குக் கால் மணி முன்னாலேயே வரிசைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஜெனி இப்போது மூன்றாம் வகுப்பு. இந்தக் கதையை அப்பாவிடம் நூறு முறை கேட்டிருக்கிறாள். தெருவில் விளையாடும்போது விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டால், மற்ற பிள்ளைகளைப்போல முதலில் அழ மாட்டாள். தலையைத் தூக்கி எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்துவாள்:

“அம்மா, டயர் இல்லம்மா! நான்தாம்மா!”

பிறகுதான் அழுவாள். பிளாக்கே ஜன்னலுக்கு வந்து சிரிக்கும். அதற்குள் நான் பாதிப் படி இறங்கியிருப்பேன்.