ஆமையை இடமாற்றக் கோரும் மனு

முகவரிச் சான்று வழங்கும் அலுவலகத்தில் பொதுமக்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் நன்றி கெட்டவர்கள். பெஞ்சுக்கு முதுகு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மின்விசிறி உண்டு. அது ஜன்னலுக்கு உள்பக்கம் சுற்றுகிறது. அதை நாங்கள் வெளியிலிருந்து தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் தலைமை எழுத்தர். பரம யோக்கியர். யாரிடமும் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. உயிரைத்தான் வாங்குவார்.

திட்டுவதாக நினைக்க வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன். அவர் செல்போனில் 'முயல் தோட்டம்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. ஒரே நிறத்துக் கேரட்டுகளை வரிசையாகச் சேர்த்தால் முயல் தின்றுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். தவறினால் ஓர் உயிர் போகும். எல்லா உயிரும் போய்விட்டால், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆமை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமலே சொல்லும்: "உயிர் தீர்ந்தது. பிறகு வரவும்." அதற்குமேல் காத்திருக்க வேண்டும். அல்லது தெரிந்தவர்கள் யாராவது தங்கள் போனிலிருந்து ஓர் உயிரை அனுப்பி வைக்க வேண்டும்.

தலைமை எழுத்தருக்குத் தெரிந்தவர்கள் பெஞ்சில் இருந்தோம். மனு கொடுக்க வருகிறவர் முயல் தோட்டத்தை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் உயிர் அனுப்பியவரின் மனு மேஜையின் வலப்பக்கத்துக்கு நகர்ந்தது. அனுப்பாதவரின் மனு எங்கே போனது என்று கேட்டால், "அப்படி ஒண்ணு வரவே இல்லையே" என்று பதில் வந்தது. ஆக, வீட்டு வரியில் பெயர் மாற்ற முகவரிச் சான்று கேட்டு வந்த நானும் இறக்கிக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையலம்மாவின் பாடுதான் பெரும்பாடு. தன் தையல்கடையை அடுத்த தெருவுக்கு மாற்றியிருந்தார். முகவரிச் சான்று இருந்தால்தான் புதுக் கடைக்கு மின்சாரம் கொடுப்பார்கள். மின்சாரம் இல்லாமல் மோட்டார் மிஷின் மூடிக் கிடந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதும் அவர் கைக்கு வரவிருந்தது. மாதக் கடைசிக்குள் கடை ஓடாவிட்டால் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"சார், மாசக் கடைசிக்குள்ள கிடைச்சாத்தான் சார் பிரயோஜனம்."

"உயிர் அனுப்பினீங்களா?"

"காலையிலேயே அனுப்பிட்டேன் சார்."

"வந்துச்சு, போயிடுச்சு. இன்னொண்ணு அனுப்பிட்டு சாயங்காலமா பாருங்க."

அந்த அம்மாள் அதுவரை விளையாட்டு என்ற ஒன்றைத் தொட்டதே இல்லை. ஆனால் உயிர் அனுப்ப வேண்டுமென்றால் உயிர் சம்பாதிக்க வேண்டும், சம்பாதிக்க விளையாட வேண்டும். குனிந்து ஊசியில் நூல் கோக்கிற கண் அல்லவா, சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது தலைமை எழுத்தர் ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டார். நாங்கள் பெஞ்சு மொத்தமும் உயிரைக் கொடுத்தும் அந்தக் கட்டம் நகரவில்லை. இந்த நேரம் பார்த்து அவருடைய சகலை அதே கட்டத்தைத் தாண்டிவிட்டார். சாப்பாடு போடும்போது மனைவி இந்தச் செய்தியைச் சாவகாசமாகச் சொல்லியிருக்கிறார். "என் தங்கச்சி வீட்டுக்காரர் தாண்டிட்டாராம். உங்களுக்கு ஆபீஸ்ல நேரம் கிடைக்கலையோ என்னமோ."

மனுஷன் கொதித்துப் போனார். விளையாட்டுக்குள்ளேயே ஒரு புகார் எழுதிப் போட்டார். அடுத்த நொடியே பதில் வந்தது: "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." மறுபடி எழுதினார். மறுபடியும் முக்கியம் என்றது.

"என்ன திமிர் பாருங்க! ஒருத்தன் குறையைச் சொல்றான், படிச்சுக்கூடப் பார்க்காம பதில் சொல்றதா?" என்று ஜன்னல் வழியாக எங்களிடமே நியாயம் கேட்டார். நாங்கள் ஆமாம் சார், அநியாயம் சார் என்றோம்.

காகிதத்தில் எழுதினால்தான் எதற்கும் மரியாதை என்பது அவர் கொள்கை. தட்டச்சு அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். அலுவலகத் தாள், அலுவலக எண், எல்லாம் பழக்கத்தில் தானாக வந்து விழுந்தன. 'பெறுநர்' என்ற இடத்தில்தான் கொஞ்சம் யோசித்தார். பிறகு 'உரிய மேலதிகாரி அவர்கள்' என்று போடச் சொன்னார். முயல் தோட்டத்துக்கும் ஒரு மேலதிகாரி இல்லாமலா போவார்?

"பொருள்: பொதுமக்கள் காலம் வீணாதல், மேம்பாடுகள் கோருதல், தொடர்பாக. போட்டாச்சாம்மா? எழுது. வாசலில் அமர்ந்திருக்கும் ஆமை, வருகிறவர்களை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. காரணம் கூறாமல் பிறகு வரச் சொல்கிறது. எனவே மேற்படி ஆமையை உடனடியாக இடமாற்றம் செய்ய வேண்டும்."

தட்டச்சு அம்மா கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"என்னென்ன தேவை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் இன்னும் இரண்டு முட்டைக்கோஸ் கொண்டு வா என்று கேட்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒரு முறை முடித்ததை மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்லக் கூடாது. மனிதன் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு."

பெஞ்சிலிருந்த எங்கள் மனசில் கிடந்ததையெல்லாம் யாரோ எடுத்து அடுக்குகிற மாதிரி இருந்தது. தையலம்மா கை தட்ட எழுந்தார், நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

கடிதத்தில் கையெழுத்தானது, முத்திரையும் விழுந்தது. முத்திரை விழுந்த காகிதத்துக்குப் பியூனுக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான், தலைமை அலுவலகம். அன்றைய கட்டோடு கட்டாக அதுவும் அங்கே போய்ச் சேர்ந்தது.

அங்கே பெரிய அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினாராம். தன் குறையைத் தானே எழுதி அனுப்புகிற ஓர் அலுவலகம் தன் காலத்தில் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. பாராட்டுக் கடிதம் ஒன்றும் விசாரணை அதிகாரி ஒருவரும் உடனே புறப்பட்டு வந்தார்கள். விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேற்படி ஆமை யார்?

விசாரணை அதிகாரி முதலில் தட்டச்சு அம்மாவைக் கேட்டார்.

"நான் என் வாயால சொல்லணுமா சார்?" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பியூனைக் கேட்டார். "உள்ளே நுழைஞ்சதும் நேரா தெரியுமே சார்" என்றார் பியூன்.

பெஞ்சைக் கேட்கும் முன்பே எங்கள் விரல்கள் நீண்டுவிட்டன.

தலைமை எழுத்தர் பதறிப் போனார். "சார், அது ஒரு விளையாட்டு சார்!"

"விளையாட்டா? அலுவலக நேரத்துல, அலுவலகத் தாள்ல, முத்திரை வச்சு விளையாடினீங்களா?" விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்படின்னா அதையும் எழுதிக்கறேன். அது வேலை நீக்க வகையில வரும்."

தலைமை எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார். ஆமை நான்தான்."

தன்னைத் தானே இடமாற்றம் கேட்ட முதல் அலுவலர் என்று அவருக்குச் சால்வை போர்த்தி, ஜன்னலே இல்லாத ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள். தட்டச்சு அம்மா பொறுப்புக்கு வந்தார். மனுவிலிருந்த கோரிக்கைகள் அத்தனையும் ஆணையாகிச் சுவரில் தொங்கின. வந்த மனுவுக்கு அன்றே தீர்வு, தேங்கிக் கிடந்தவை வரிசைப்படி. அலுவலகம் இவ்வளவு செய்யும்போது மக்களும் சுணங்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தது: மூன்று முறை அழைத்தும் வராதவரின் சான்று அடுத்த மாதம் வழங்க வேண்டிய கட்டோடு சேர்க்கப்படும். நியாயம்தானே, யார் வராமல் இருக்கப் போகிறார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

மாதக் கடைசி நாள். தையலம்மாவின் சான்று காலையிலேயே தயாராகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பழைய தலைமை எழுத்தரும் பெஞ்சில் இருந்தார், தன் பணி விடுவிப்புச் சான்றை வாங்க. இடம் நெருக்கம் என்பதால் தையலம்மாவை ஒட்டி உட்கார்ந்தவர், அவர் போனை எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"அம்மா! இது நான் மாட்டின கட்டம்! எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"உங்களுக்கு அனுப்பத்தான் சார் ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியலை."

"அந்த ஓரத்துச் சிவப்பைத் தொடாதீங்க... பொறுங்க, பொறுங்க..."

பெஞ்சே எழுந்து வந்து சுற்றி நின்றது.

"தையல்கடை முகவரி மாற்றம்!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சார், என்னைக் கூப்பிடறாங்க போல."

"கூப்பிடட்டும்மா. இப்ப விட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"வரேம்மா, ஒரு நிமிஷம்!" என்று தையலம்மா தலை நிமிராமல் சொன்னார்.

இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். நான் அவர் தோளைத் தட்டியிருக்கலாம். தட்டினால் விரல் தவறிவிடுமே என்று சும்மா இருந்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டது எங்கள் கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. முயல் தாண்டிவிட்டது. "என் சகலை மூஞ்சியை இப்பப் பார்க்கணும்!" என்று பழைய தலைமை எழுத்தர் குதித்தார்.

தையலம்மா சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனார். சான்று கட்டுக்குள் போய் முடிச்சும் விழுந்திருந்தது.

"நான் என்னம்மா பண்றது, மூணு தடவை கூப்பிட்டேன்" என்றார் பொறுப்புக்கு வந்த தட்டச்சு அம்மா. உண்மையிலேயே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சீருடைத் துணி இனி வேறு கடைக்குப் போகும்.

நாங்கள் சும்மா விடவில்லை. மக்களை நிம்மதியாகக் காத்திருக்க விடாமல் இப்படி அவசரப்படுத்துவது என்ன நிர்வாகம் என்று அந்த இடத்திலேயே ஒரு மனு எழுதினோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, முதல் ஆளாக இருக்கட்டும் என்று மேலே இடம் விட்டுத் தையலம்மாவிடம் நீட்டினோம்.

அவர் வாங்கவில்லை. முகம் வாடியிருந்தது. "அடுத்த மாசம் வரைக்கும் இங்கதானே உட்காரணும்" என்று பெஞ்சில் அமர்ந்து அடுத்த கட்டத்தைத் திறந்தார். நான் மனுவை மடித்துப் பையில் வைத்துவிட்டு, திரை தெரிகிற மாதிரி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.