கிளட்ச் பழகிய எண்ணூறு கிலோமீட்டர்

இந்த வருஷம் என் மச்சானை முந்தியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவி ரோசியின் தம்பி சகாய ஆனந்த். பாண்டிச்சேரியில் இருக்கிறான். வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு சிதம்பரத்தில் மாமனாரின் பிறந்தநாளைக் கொண்டாடுவோம். அவன் அங்கிருந்து வருவான். நாங்கள் கடலூரிலிருந்து போவோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் எனக்குப் பின்னால் இரண்டு ஹாரன் கேட்கும். அடுத்த நொடி அவன் கார் முன்னால் போய்க்கொண்டிருக்கும். நான் போய் இறங்கும்போது மாமனார் வீட்டு வாசலில் டீ கிளாஸுடன் நிற்பான்.

"வாங்க மாமா. நடந்தா வந்தீங்க?"

ஏழு வருஷமாக இதே கேள்வி. ஏழு வருஷமாக மாமனார் வீடே சிரிக்கிறது. நானோ பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஐந்நூறு பிள்ளைகளை ஓடவிடுகிறவன். எனக்கு எப்படி இருக்கும்?

செப்டம்பர் கடைசியில், எப்போதும் எங்கள் காரைப் பார்க்கும் முதுநகர் ஒர்க் ஷாப் அன்வர் பாயிடம் போனேன். பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் பந்தயக் கார்களுக்கே ஸ்பானர் பிடித்தவர். என் பழைய காரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கிளட்ச் தேஞ்சுபோச்சு சார். போடுறதே போடுறீங்க, பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்சா போட்டுருங்க. மிதிச்சா சும்மா பிச்சிக்கிட்டுப் போவும்."

"ஆலப்பாக்கத்துல ஒருத்தன முந்தணும் பாய்."

"முந்துறதா? அவரு கண்ணுக்கே நீங்க தெரிய மாட்டீங்க சார்."

போட்டாயிற்று. சாவியைக் கொடுக்கும்போது பாய் விரலை நீட்டினார்.

"ஒன்னே ஒன்னு சார். புது கிளட்ச் பழகணும். எண்ணூறு கிலோமீட்டர். நாப்பதுக்கு மேல போவக் கூடாது. ஹைவேஸ்ல ஓட்டுனா கணக்குல வராது. டவுனுக்குள்ளயே நிறுத்தி நிறுத்தி, கியர் மாத்தி மாத்தி ஓட்டணும். எவ்ளோ தூரம் போனீங்கங்கறது இல்ல, எத்தனை தடவ மிதிச்சீங்கங்கறதுதான் விஷயம். அவசரப்பட்டீங்க, கருகிடும்."

கையில் இருந்தது இருபத்தெட்டு நாள். பறப்பதற்கென்றே ஒன்றை வாங்கிவிட்டு, அதை உருட்டிக்கொண்டு போகும் வேதனை எதிரிக்கும் வரக் கூடாது. லாரன்ஸ் ரோட்டில் சைக்கிள்காரர் முந்தினார். மஞ்சக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ முந்தியது. செம்மண்டலத்தில் ஒரு தள்ளுவண்டி முந்தியது. தள்ளியவர் திரும்பிப் பார்த்து, "பெட்ரோல் போடலியா சார்?" என்று பரிதாபப்பட்டார்.

என் வலது கால் துறுதுறுத்தது. இடது கால் வீங்கியது. அந்தக் கிளட்ச் அவ்வளவு கெட்டி, அம்மிக்கல்லை மிதிப்பது போல. எட்டாம் நாள் மைதானத்தில் நொண்டிக்கொண்டே "ஓடு, ஓடு" என்று கத்தினேன். பிள்ளைகள் ஓடாமல் நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். மீட்டரைப் பார்த்தால் இருநூறுகூட ஆகவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் கால் தானாக மிதித்தது.

"என்னாங்க, மேசைய ஒதைக்கிறீங்க?" என்றாள் ரோசி.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு யோசனை பளிச்சென்று வந்தது. பதினோரு வருஷமாக ரோசி கார் ஓட்டச் சொல்லித்தரச் சொல்கிறாள். பதினோரு வருஷமாக நான் சொல்லும் பதில், 'நீ ஓட்டுனா கிளட்ச் கருகிடும்.' ஆனால் கற்றுக்கொள்கிறவர்கள் எப்படி ஓட்டுவார்கள்? நாற்பதைத் தாண்ட மாட்டார்கள். பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்துவார்கள். கிளட்சை விட்டு விட்டு மிதிப்பார்கள். அன்வர் பாய் கேட்டது இதைத்தானே! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"ரோசி, உனக்கு டிரைவிங் சொல்லித்தரட்டுமா?"

"எதுக்குங்க? கிளட்ச் கருகிடுமே."

"கருகாது. நான் பக்கத்துல இருக்கேன்ல?"

"வாணாங்க. பயமா இருக்கு."

"என்னா பயம்? ஊரே ஓட்டுது."

"வூட்டு வேலை ஜாஸ்தி. மாவு யாரு அரைக்கிறது?"

"நான் அரைக்கிறேன்."

"துணி மடிக்கணும்."

"மடிக்கிறேன் ரோசி. ப்ளீஸ்."

"இவ்ளோ கெஞ்சுறீங்க. சரி, உங்களுக்காவ."

பேசியே மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்டோபர், மாதாவுக்கான ஜெபமாலை மாதம். எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஜெபக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். தினமும் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கொண்டுபோகும் பொறுப்பை ரோசி வாங்கிக்கொண்டாள். பக்கத்து அன்பியங்களுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டாள். பின்சீட்டில் பாடகர் குழுவின் பெலிசியா டீச்சர், அவர் மடியில் மாதா.

முதல் நாள் நான் ஓட்டிக் காட்டினேன். கிளட்சை விட்டேன். வண்டி தவ்வியது. "அருள் நிறைந்த" என்று ஆரம்பித்த டீச்சர், "மரியே" வருவதற்குள் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்.

"சார், மாதாவுக்கு அடிபடப் போவுது. ரோசிகிட்ட குடுங்க."

ரோசி ஓட்டினாள். வண்டி ஒரே ஒரு தடவைதான் நின்றுபோனது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. "நான் சொல்லித்தர்ற விதம் அப்படி" என்று டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் இருமினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்தேன். முந்நூறு. ஐந்நூறு. எழுநூறு. வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். துணி மடித்தேன். பிறந்தநாளுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், மாதா கோயில் வாசலில் எண்ணூறு விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்தி என்று நினைத்து டீச்சர் எனக்காகத் தனியாக ஒரு ஜெபம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ரோசி என்னை ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டாள். ஆறு மணிக்கு, தேய்த்த சட்டை, துடிக்கும் வலது காலுடன் வாசலுக்கு வந்தேன். டிரைவர் சீட்டில் ரோசி.

"எறங்கு. இன்னிக்கு நான்."

"ஏறுங்க, லேட்டாவுது."

"ஹைவேஸ் ரோசி. லைசென்ஸ் இல்லாம..."

ஒரு கார்டை நீட்டினாள். அதில் ரோசி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ டெஸ்ட் குடுத்த?"

"நீங்க ஸ்போர்ட்ஸ் டே நடத்துனீங்களே, அன்னிக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டில."

"எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாசம் ஆவணுமே?"

"ஆகஸ்ட்டுலயே வாங்கிட்டேன்."

ஆகஸ்ட். நான் கிளட்ச் போட்டது செப்டம்பர் கடைசி.

"அப்போ அன்வர் பாய்...?"

"நான்தாங்க போய்க் கேட்டேன். 'பாய், எங்க வூட்டுக்காரரு வண்டிய மெதுவா ஓட்டணும். அப்பறம் அவரே கெஞ்சி என்னைய ஓட்டச் சொல்லணும். அப்படி ஒரு பார்ட்டு இருக்கா?'ன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. 'இருக்குதுக்கா'ன்னாரு."

ஏறி உட்கார்ந்தேன். அவள் அறுபதில் நிதானமாகப் போனாள். நான் என் பக்கத்தில் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹாரன் இல்லை. புதுச்சத்திரம். அங்கேயும் இல்லை. சிதம்பரத்தில் மாமனார் வீட்டு வாசல் காலியாக இருந்தது.

"உன் தம்பி எங்க?"

"இப்பதான் எந்திரிச்சிருப்பான். அவன முந்தறதுக்கு கிளட்ச் எதுக்குங்க? ரெண்டு மணி நேரம் முன்னாடி கெளம்புனா போதாதா?"

ஏழு வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது. ஆனாலும் முதலில் வந்தது வந்ததுதானே? டீ கிளாஸை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். ஒன்பதரைக்கு மச்சான் வந்து இறங்கினான். வாயைத் திறந்தேன். சேதி போனில் முன்பே போயிருந்தது போல, அவன் என்னைத் தாண்டி உள்ளே ஓடினான்.

"அக்கா! நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

மாமனார் முதல் துண்டு கேக்கை மகளுக்கு ஊட்டினார். வீடே கை தட்டியது. என் டீ ஆறிப்போனது.

சாயங்காலம் அவன் கிளம்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"சாவிய குடு ரோசி. திரும்பிப் போவும்போதாவது அவன முந்தறேன்."

"குடுப்பேங்க. ஆனா கிளட்ச் இப்ப என் காலுக்குப் பழகிடுச்சாம். ஆளு மாறுனா மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ணூறு கிலோமீட்டர் பழக்கணுமாம். பாய் சொன்னாரு."

பச்சைப் பொய். யாரிடம் கதை விடுகிறாள்? அவள் எதிரிலேயே அன்வர் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஒரு சந்தேகம்..."

"ஆமா சார்," என்றார் பாய், "அக்கா சொன்னது கரெக்ட்டுதான்."