தடையை நம்பும் ஒரே மனிதர்

அன்புள்ள மச்சானுக்கு,

கத்திரி பிடிக்கிற கையில் பேனா பிடித்து உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக உன் உத்தியோகம் நன்றாக இருக்க வேண்டும், அதை நம்பித்தான் என் மகளின் வாழ்க்கை நிற்கிறது. இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். அரசாங்க அதிகாரிக்குப் பொய் எழுதினால் வம்பு என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனிலேயே பேசியிருப்பேன், ஆனால் மாப்பிள்ளை சாயங்காலமானால் மகளைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நம் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் இருப்பவர் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும், ரகசியம் எங்கே பேசுவது?

மாப்பிள்ளை போனில் சீட்டாடியது உனக்குத் தெரிந்த கதைதான். முதலில் சம்பளம் போயிற்று, பிறகு பைக் போயிற்று, கடைசியில் மகளின் வளையலும் போனபோது அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அப்புறம்தான் உங்கள் ஆபீஸ் அந்தச் சூதாட்டங்களைத் தடை செய்தது. அன்றைக்கே மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார். "மாமா, கவர்மெண்ட்டே மூடிருச்சு. இனிமே நானே ஆசப்பட்டாலும் ஆட முடியாது!" பரீட்சை தள்ளிப்போன பையனின் சந்தோஷம் அவர் முகத்தில். மகள் மசியவில்லை. "எங்க மாமா அந்த ஆபீஸ்லதானே இருக்காரு? மூடியாச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை உனக்குப் போன் செய்யப்போகிறார். அதற்கு முன் நீ சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் மூடியது எதுவும் மூடவில்லை, மச்சான். என் கடைக்கு வந்து பார். கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்தால் துணிக்குள் ஒருத்தன் கையும் சும்மா இருப்பதில்லை, போனில் ஆட்டம்தான். ஜெயித்தால் தலை எம்புகிறது, தோற்றால் தொங்குகிறது, நடுவில் நான் கத்திரியை எங்கே வைப்பது? தடை வந்தால் தலைகள் ஆடாமல் இருக்கும், நாலு பேர் காது தப்பிக்கும் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாளே மருந்துக்கடைக்காரர் துணிக்குள் மும்முரமாக இருந்தார். "தடைன்னாங்களே?" என்றேன். "அது இந்த நாட்டுலண்ணே. போன்ல ஒரு சின்ன வேலை பண்ணேன், இப்ப போன் கணக்குல நான் வேற நாட்டுல இருக்கேன்" என்கிறார், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் சீப்பு அவர் தலையில் இருக்கும்போதே! "அப்ப மீசையை எந்த நாட்டு வழக்கப்படி ஒதுக்கட்டும்?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை, ஆட்டம் சூடு பிடித்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எனக்காக இரக்கப்பட்டு, "ஆட்டக் கடை அதேதாண்ணே, பேர்ப் போர்டை மட்டும் மாத்திட்டாங்க" என்று விளக்கினார்.

இதில் நான் வேறு தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தடை செய்த ஆட்டங்களின் பெயர்களைப் பெருமையாக எனக்கு அனுப்பினாய் அல்லவா? அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, மேலே 'எச்சரிக்கை' என்று போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கூட்டம் அம்மியது. எல்லோரும் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். "இவ்வளவு ஆட்டம் இருக்குன்னே தெரியாதுண்ணே, பெரிய சேவை" என்று ஒருவர் என் கையைக் குலுக்கினார். தலையில் பேருக்கு ஒரு முடி இல்லாதவர்கூட வரிசையில் வந்து உட்கார்ந்தார். பதறிப்போய்க் கிழித்தேன், அதற்கும் சண்டைக்கு வந்தார்கள்.

இந்தத் தடையை முழுசாக நம்புகிறவர் இந்த ஊரிலேயே ஒருத்தர்தான், அது நம் மாப்பிள்ளை. அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளுகிறது. முடி வெட்ட அவர் என் கடைக்குத்தான் வருவார், வந்தால் மருந்துக்கடைக்காரர் வேறு நாட்டுக்கு வழி சொல்லிவிடுவார். அதனால் "கடையில பேன் பரவிருக்கு மாப்ள, அந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லி, வீட்டிலேயே பின்வாசலில் உட்கார வைத்து வெட்டிவிட்டேன். தங்கமான மனசு, தான் வேலை செய்யும் மரச்சாமான் கடை முழுக்க எல்லோரையும் எச்சரித்துவிட்டார். இப்போது என் நாற்காலிகள் காற்று வாங்குகின்றன. உன் அக்கா எனக்குத் தனித் தலையணை கொடுத்துவிட்டாள்.

ஆகவே மச்சான், அவர் கேட்டால், "பூட்டியாச்சு, சீல் வெச்சாச்சு, சாவியையும் தொலைச்சாச்சு" என்று அடித்துச் சொல். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும், உன் அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே என் ஆயுளைக் குறைத்திருக்கிறாள். இந்த ஒரு தடவை சொல். மகள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள், அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. பயமாக இருக்கிறது மச்சான்.

உனக்குப் பதவி உயரட்டும். பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும், அவர்கள் கையில் போன் மட்டும் கொடுக்காதே.

என்றும் உன் நலம் நாடும்
அத்தான்

பி.கு.: கவர் ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் மாப்பிள்ளை வந்து, மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். நான் திரும்பும்போது கடைசிப் பக்கத்தில் இருக்கிறார். "மாமா, இதெல்லாம் எனக்கு மொத நாளே தெரியும். எங்க கடையில எல்லாரும் ஆடறாங்க. எப்படி உள்ள போறதுன்னு எனக்கே காட்டிக் குடுத்தாங்க" என்றார். "அப்ப ஏன் ஆடல?" என்றேன். "வேணாம் வேணாம்னு தினமும் சொல்லிக்கறேன் மாமா. கை பரபரங்கும்போது போனை முதலாளிகிட்ட குடுத்துடறேன்" என்றார். பிறகு எதற்காகக் கவர்மெண்ட் மூடியதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நானா நிறுத்திட்டேன்னு சொன்னா யாரு நம்புவாங்க மாமா? அதைத்தான் நான் ஏற்கெனவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேனே" என்றார். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைவரைகூட இருக்கவில்லை, அவரோடு கிளம்பிப் போய்விட்டாள். ஆகவே நீ பொய்யும் சொல்ல வேண்டாம், நிஜமும் சொல்ல வேண்டாம். நான் சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இத்தனை நாள் அவருக்கு ஓர் அரசாங்கமே காவல் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அவர் ஒருத்தர்தான் காவல் என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் தடை ஆயிரம் ஓட்டையாக இருந்தாலும் இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள் மச்சான். தன் பக்கம் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றட்டும்.