ஒப்பீடு நடைபெறுகிறது, உட்காரக் கூடாது

நடக்கிற மனிதன் நடுவில் கொஞ்சம் உட்கார வேண்டும் என்பதைக் கொள்கை அளவில் எந்த அலுவலகமும் மறுத்தது கிடையாது. மறுக்காத காரணத்தினால்தான் சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில், வைகைக் கரையை ஒட்டிய அந்தச் சின்னப் பூங்காவில் ஒரு சிமெண்டு பெஞ்சு கிடந்தது. தினமும் சாயங்காலம் அதில் அப்துல் அலீமும் பிச்சுமணியும் உட்கார்ந்திருப்பார்கள்.

அலீம் பிளாஸ்டிக் குடம், வாளி மொத்த வியாபாரம் பார்த்தவர். கடையை மகன் மன்சூரிடம் விட்டுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். அதாவது, மனைவி லத்தீபா வீட்டில் இருக்க விடுகிற நேரம் போக மீதி நேரம் பூங்காவில் இருக்கிறார். பிச்சுமணி ஓர் அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். அலீமுக்கு இடது முட்டி போச்சு, பிச்சுமணிக்கு வலது முட்டி போச்சு. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் நன்றாக நடக்கலாம். பூங்காவை அரைச்சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், வைகையில் எந்த வருஷம் கரை தொட்டுத் தண்ணீர் போனது என்று சண்டையை ஆரம்பிப்பார்கள். பல வருஷமாக அது தீர்ந்தபாடில்லை. தீர்ந்துவிடுமோ என்ற பயம் இருவருக்குமே உண்டு.

ஒருநாள் லாரி வந்து அந்தப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. திறந்தவெளி அழகூட்டல் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. சிமெண்டு பெஞ்சு பழைய பாணி, இனிமேல் பூங்காக்களில் பேட்டியோ பாணி இருக்கைகள்தான் என்று அது முடிவு செய்திருந்தது. பேட்டியோ என்றால் என்ன என்று அலீம் கேட்டதற்கு, வெளியில் உட்காருவது என்று லாரிக்காரர் விளக்கம் சொன்னார். இத்தனை நாளும் தாம் செய்துவந்தது அதுதான் என்று அலீமுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிச்சுமணி இரண்டு மூன்று நாள் வாதாம் மரத்தில் சாய்ந்து நின்று பார்த்தார். பிறகு வரவில்லை. அலீம் போன் போட்டார்.

"நின்னுண்டு பேச நான் என்ன பஸ்ஸுக்கா காத்துண்டிருக்கேன் பாய்? பெஞ்சு வந்தா சொல்லுங்கோ, வரேன்" என்று பிச்சுமணி வைத்துவிட்டார்.

போனில் சண்டை போட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எதிராளி முகம் சிவக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போடுகிற சண்டையில் என்ன சுகம் இருக்கிறது? அலீமுக்குச் சாயங்காலம் வந்தாலே வீடு கசந்தது. ஒருநாள் கிளம்பி அந்த அலுவலகத்துக்கே போய்விட்டார்.

அங்கே உதவிப் பொறியாளர் பிரியம்வதா அவரை மரியாதையாக நிற்க வைத்து விசாரித்தார்.

"உக்கார ஒரு எடம் வேணும் மேடம், அம்புட்டுத்தான்."

"எந்தப் பொருள்ல வேணும்? மறுசுழற்சி பிளாஸ்டிக்கா, காம்போசிட்டா?"

பிரியம்வதா பொறுமையாக விளக்கினார். பால் பாக்கெட், உடைந்த வாளி இதையெல்லாம் உருக்கிப் பலகையாக வார்த்தால் அது மறுசுழற்சி பிளாஸ்டிக். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் மதுரை வெயிலில் நீளும், நடுவில் தொங்கும், சாயம் வெளுக்கும். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அழுத்தினால் காம்போசிட். பார்க்கத் தேக்கு மாதிரி இருக்கும், விறைப்பாக நிற்கும். பிரியம்வதாவின் உள்ளம் கவர்ந்தது காம்போசிட்தான்.

பக்கத்து அறையிலிருந்து செயற்பொறியாளர் சூரியபிரகாஷ் எழுந்து வந்தார். காம்போசிட்டின் வெட்டுமுனையில் ஈரம் இறங்கினால் ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பிவிடும், பிளாஸ்டிக்தான் சிறந்தது என்றார். இந்த வாக்குவாதம் அந்த அலுவலகத்தில் பல மாதமாக நடந்துவருகிறது, அதனால்தான் எந்தப் பூங்காவிலும் எதுவும் போடப்படவில்லை என்பது அலீமுக்குப் புரிந்தது.

"எதுவா இருந்தாலும் சரி சார். எனக்கு உக்காரணும்" என்றார் அலீம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பக்கமும் சாயாத ஒரு குடிமகனை அந்த அலுவலகம் அன்றுவரை கண்டதில்லை. உடனே இருக்கைப் பொருள் ஒப்பீட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதில் பொதுமக்கள் பிரதிநிதியாக அப்துல் அலீம் நியமிக்கப்பட்டார். நீல நாடாவில் போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று அவர் கழுத்தில் ஏறியது. அடுத்த சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் முடிவு தெரிந்துவிடும் என்று இருவரும் உறுதி சொன்னார்கள்.

அலீம் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார்.

"உக்கார எடம் கேட்டுப் போனீங்க. கழுத்துல என்னத்தையோ கட்டி அனுப்பிட்டாய்ங்க" என்றாள் லத்தீபா.

விஷயம் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று அலீம் அட்டையைத் துடைத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக்கில் ஒன்றும் காம்போசிட்டில் ஒன்றுமாகப் பூங்காவில் இரண்டு பெஞ்சுகள் வந்து இறங்கின. இரண்டும் கனத்த கண்ணாடிக் கவரில் சுற்றப்பட்டிருந்தன. பிரிக்கலாமா என்ற கேள்வி குழுவின் முன் வைக்கப்பட்டது. பிரித்தால் பொருள் பழசாகிவிடும், பழசான பொருளை எப்படி ஒப்பிடுவது என்று சூரியபிரகாஷ் கேட்டார். வீட்டு ஃபிரிட்ஜின் கைப்பிடிக் கவரை வாங்கின நாளிலிருந்து பிரிக்க விடாத அலீமுக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்து, உட்காருவது. பருமனானவர்கள் எல்லாம் ஒரு பெஞ்சிலும் ஒல்லியானவர்கள் எல்லாம் மற்றதிலும் உட்கார்ந்துவிட்டால் ஒப்பீட்டின் நடுநிலை என்னாவது? இரண்டின் மேலும் சமமான எடைதான் ஏற வேண்டும். யாரும் உட்காராவிட்டால் எடை சமமாக இருக்கும் என்று பிரியம்வதா கண்டுபிடித்தார். பலகை எழுதி மாட்டப்பட்டது: ஒப்பீடு நடைபெறுகிறது, உட்காரக் கூடாது. பலகையைப் படிக்காதவர்களுக்காக அலீமுக்கு ஒரு விசில் வழங்கப்பட்டது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. தம்முடைய பிளாஸ்டிக் வெயிலில் நீண்டுவிடுமே என்று சூரியபிரகாஷுக்கு ராத்தூக்கம் போனது. பெஞ்சுகளுக்கு மேலே தகரக் கொட்டகை போட உத்தரவிட்டார். மழைக்காலம் வந்ததும் தம்முடைய காம்போசிட் உப்பிவிடுமே என்று பிரியம்வதா சுற்றிலும் தார்ப்பாய் கட்டச் சொன்னார். ஆக, வெளியில் போடும் இருக்கை வெளியில் எப்படி உழைக்கும் என்ற ஆராய்ச்சி, வெயிலோ மழையோ சிறிதும் உள்ளே வராதபடி முறையாக நடைபெற்றது.

இதற்குள் ஊரிலும் விஷயம் பரவியது, கூடவே பேட்டியோ மோகமும் பரவியது. டீக்கடையில் நின்றுகொண்டு காம்போசிட்டுக்குப் பரிந்து பேசுகிற ஆட்கள் உண்டானார்கள். பிளாஸ்டிக் கட்சிக்காரர்கள் அவர்களைப் பணக்காரத் திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். சமயநல்லூரில் வீடு கட்டிய அழகுபாண்டி என்பவர், வெளியில் உட்காரப் பேட்டியோத் தளம் முடியாமல் கிரகப்பிரவேசம் கிடையாது என்று நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் கட்டி முடித்து, அதில் துணி காயப்போட்டார். வாடிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் உட்கார ஒரு பேட்டியோ வைத்தார்கள். வெயில் தாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் சமையல்கட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

அலீம் கடமையில் கண்ணாக இருந்தார். பெஞ்சுப் பக்கம் ஒரு கால் திரும்பினால் விசில் பறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், மூச்சு வாங்க வந்தவர்கள், எல்லாரையும் ஒரே மாதிரி எழுப்பிவிட்டார். இவரும் நின்றுகொண்டேதான் இருந்தார். முட்டி விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் ஜனங்கள் தம்மை "சார்" என்று கூப்பிடுவது அதற்குத் தைலம் தடவியது மாதிரி இருந்தது. வாளி விற்ற காலத்தில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் இறங்கி, மெல்ல மெல்ல நடந்து, தார்ப்பாயை விலக்கி, பெஞ்சில் குனிந்து உட்காரப் போனார். அலீம் அந்தக் கோடியிலிருந்தே விசிலை ஊதினார். கிட்டே போனபிறகுதான் அது பிச்சுமணி என்று தெரிந்தது.

"பெஞ்சு வந்துடுத்துன்னு கேள்விப்பட்டேன் பாய். நீங்க ஏன் சொல்லலை?"

"வந்திருக்கு சாமி. ஆனா ஒப்பீட்டுல இருக்கு."

"செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடறேனே."

அலீம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஆனால் தார்ப்பாய்க்கு வெளியே நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குன்னு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க சாமி" என்று சொல்லிவிட்டார்.

பிச்சுமணி அவரையும் அட்டையையும் பார்த்தார். "இதே வாக்கியத்தை நானும் சர்வீஸ் பூரா சொல்லியிருக்கேன். எதிர்த்தாப்ல நிக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி அலீம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். யாருக்காக இதையெல்லாம் கேட்கப் போனோமோ அவரையே விரட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் அட்டை இல்லாமல் பூங்காவுக்குப் போனபோது, அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்திருந்தவர்கள் பொதுமக்களுக்கு உள்ளே இடமில்லை என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஒருவழியாகச் சித்திரை பிறந்தது. கவருக்கு வெளியே இருந்தபடியே பெஞ்சுகள் பரிசோதிக்கப்பட்டன. கவர் மட்டும் சற்றுப் பழுப்பேறியிருந்தது. உள்ளே இரண்டு பெஞ்சும் வந்த நாள் போலவே பளபளத்தன. இரு பொருள்களும் மதுரையின் தட்பவெப்பத்தை வியக்கத்தக்க வகையில் தாங்கி நின்றதாக அறிக்கை தயாரானது. எது சிறந்தது என்பதை மட்டும் பொதுமக்கள் பிரதிநிதி பொதுமக்கள் முன்னிலையில் அறிவிப்பார் என்று விழா ஏற்பாடாயிற்று.

விழா என்றால் ஜனங்கள் உட்கார வேண்டும். பந்தல் சாமான் வாடகைக் கடையிலிருந்து வேன் நிறைய வெள்ளைப் பிளாஸ்டிக் சேர்கள் வந்து இறங்கின. பூங்கா முழுக்க வரிசை வரிசையாகப் போட்டார்கள். டீயும் பருப்பு வடையும் உண்டு.

அலீம் நேராகப் பிச்சுமணி வீட்டுக்குப் போனார்.

"அன்னைக்கு விசில் ஊதுனதை மனசுல வச்சுக்காதீங்க சாமி. தப்பு எம்மேலதான்."

பிச்சுமணி மூலையில் இருந்த தடியை எடுத்துக்கொண்டு, "உக்கார எடம் உண்டா?" என்று கேட்டார்.

"ஊருக்கே போட்டிருக்கு."

"அப்ப வரேன்."

முன்வரிசையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முட்டிகள் மடங்கி ஓய்ந்தன. சூரியபிரகாஷ் மறுசுழற்சியின் மாண்பு பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது இவர்கள் பழைய வைகைத் தண்ணீர்ச் சண்டையில் இறங்கிவிட்டார்கள். பிரியம்வதா காம்போசிட்டின் எதிர்காலம் பற்றிப் பேசி முடிக்கும்போது பிச்சுமணியின் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அலீமுக்குக் கண் நிறைந்தது. ஒரு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். சுற்றிலும் பார்த்தார். அவர் விசில் ஊதி எழுப்பிவிட்ட அத்தனை பேரும் சேரில் சாய்ந்து, கையில் டீயோடு, அக்கம்பக்கத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைக்கில் அலீமின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்தபோது பின்னால் சேர்காரர்கள் காலிச் சேர்களை அடுக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. முடிவு அறிவித்த மறுநிமிஷம் சேர்கள் போய்விடும். தோற்ற பெஞ்சு கிடங்குக்கும், ஜெயித்த பெஞ்சு மாதிரிக்காகத் தலைமை அலுவலகத்துக்கும் போகும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நாளைச் சாயங்காலம் பூங்காவில் வாதாம் மரம் மட்டும்தான் இருக்கும்.

அலீம் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிச்சுமணி அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னார்:

"மேலும் ஆய்வு தேவைன்னு சொல்லுங்கோ பாய். மத்தது நான் எழுதித் தரேன்."

அலீம் மைக்கைப் பிடித்தார். இந்த வருஷத்து வெயில் போதாது என்றார். மூங்கிலையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் மக்களுக்கு நியாயம் கிடைக்கும் என்றார். "வெயில் தினமும்தான் அடிக்குது. அதனால பெஞ்சுக நெலவரத்தையும் தினமும் சாயங்காலம், இதே எடத்துல, மக்களுக்கு நேர்ல அறிவிக்கணும்" என்று முடித்தார்.

தோற்றுவிடுவோமோ என்று வேர்த்துக்கொண்டிருந்த இரண்டு பொறியாளர்களின் முகமும் மலர்ந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். டீ இருந்த கையைத் தவிர மற்ற எல்லாக் கைகளும் மேலே போயின.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கூட்டம் நடக்கிறது. குழுவின் எழுத்தராக நியமிக்கப்பட்ட பிச்சுமணி, கழுத்தில் அட்டையோடு எழுந்து, இன்றும் மாற்றம் ஏதுமில்லை என்று வாசித்துவிட்டு உட்கார்ந்து சண்டையைத் தொடர்கிறார். தினம் ஏற்றி இறக்குவது வீண் என்று சேர்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். அவை வெயிலில் காய்கின்றன, மழையில் நனைகின்றன, எடை பார்க்காமல் எல்லாரும் ஏறி உட்காருகிறார்கள். அவற்றை ஒப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் பெஞ்சு நல்லது என்பது இன்றுவரை தெரியாது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் வசதியாக உட்கார்ந்திருப்பதால், கேட்கவும் ஆளில்லை.