ஆமைக் கல்லும் ஆயுள்பூவும்

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு பொருளையாவது தான் சொல்லும் இடத்தில் வைத்தே தீருவது என்று ஷோகிச்சி முடிவெடுத்தார். பொருள், ஒரு கல்.

சும்மா கல் இல்லை. ஆற்றில் கண்டெடுத்தது. தலை நீட்டிய ஆமை மாதிரியே இருக்கும் என்பார். சதுரங்கம் ஆட வரும் நண்பர்களும் அதையே சொன்னார்கள், அவர் வீட்டு சாகே மதுவைக் குடித்துக்கொண்டே. மனைவி மிட்சுயோ மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கு" என்றாள்.

கல்லுக்குப் பொருத்தமான இடம் விருந்தாளி அறைக்கு எதிரே இருந்த பாத்திதான். ஆனால் அது அவருடைய அம்மா ஆயுள்பூ வளர்த்த இடம். மலையில் பனி உருகுவதற்குள் அதைத் துளைத்துக்கொண்டு வருஷா வருஷம் முதலில் எட்டிப் பார்க்கிற மஞ்சள் பூ. பெயரில்தான் ஆயுள். செடி முழுக்க விஷம். தின்றவனுக்கு முதலில் உலகமே மஞ்சளாகும், அப்புறம் இதயம் தடுக்கி விழும் என்பாள் அம்மா. அவள் போய் ஆறு வருஷம். கடைசியாக மருமகளிடம் சொன்னது, "என் பிள்ளை எப்படியோ போகட்டும். பூவைப் பாத்துக்கோ."

"கல்லைக் கிணத்தடியில போடுங்களேன்" என்றாள் மிட்சுயோ.

"ஆமையையா? கிணத்தடியிலயா?"

"தண்ணி பக்கத்துல இருக்கும். அதுக்கும் சௌகரியம்தானே."

இப்படி வாய் உள்ள பெண்ணைக் கட்டியவன் நேர்வழியில் போய் ஜெயித்ததில்லை. ஷோகிச்சி காத்திருந்தார். மார்ச் முதல் ஞாயிறு, மிட்சுயோவும் மாதர் சங்கத்துப் பெண்களும் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிற நாள். மறுநாள் காலை ஆற்றங்கரையிலிருந்து கல்லைக் கொண்டுவர அடுத்த வீட்டு தொராசோவின் குட்டி லாரிக்கும் ரகசியமாகச் சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்களின் பஸ் கிளம்பிப் போனது. மண்வெட்டியோடு இறங்கினார்.

காற்று இல்லை. காக்கை இல்லை. பனி எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டு அவர் மூச்சை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. மேலே கிடந்த பனியை ஒதுக்கினால், கீழே இளம்பச்சையாக மொட்டுகள். இறுக மூடிய முஷ்டிகள். மண்ணுக்குள் யாரோ வரிசையாகப் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினது மாதிரி.

"மன்னிச்சுக்கோ அம்மா" என்று முனகிக்கொண்டே வெட்டினார். வேர் தாம்புக்கயிறு கனத்துக்கு வந்தது. இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. பாத்தியைத் தாண்டி வீட்டுக்கு அடியில், அம்மாவின் அறைப்பக்கம் போய் நின்றது. இன்னும் இழுத்தார். அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அசையவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருஷமாக மூடிக் கிடக்கும் அம்மா அறைக் கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

'காத்துதான்' என்று சொல்லிக்கொண்டார். காற்றுதான் இல்லையே என்று முதுகுத்தண்டு பதில் சொன்னது.

வேரை அறுத்துவிட்டு, மொட்டுகளைச் சாக்கில் அள்ளி விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்தார். கேட்டால் காட்டுப்பன்றி மேல் பழி போடுவதாகத் திட்டம். ஈர மண்ணில் இரண்டு விரலை ஊன்றி ஊன்றிப் பன்றிக் குளம்படிகூடப் போட்டு வைத்தார். அந்தப் பன்றி மோதிரம் போட்டிருந்தது தடத்தில் பதிந்ததை அவர் கவனிக்கவில்லை.

மாலையில் மிட்சுயோ வந்தாள். பாத்திப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னிக்கு இந்தப் பக்கம் காட்டுப்பன்றி நடமாட்டம்..." என்று ஆரம்பித்தார்.

"அப்படியா?" அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்விட்டாள். எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. திட்டுகிற பெண்டாட்டி பயமில்லை. பாட்டு முனகிக்கொண்டே பொரிக்கிற பெண்டாட்டியைத்தான் நம்பக் கூடாது.

அந்தி வெளிச்சத்திலேயே தட்டு வந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த மொட்டுகள்.

"இந்த வருஷத்து முதல் ஃபுக்கி" என்றாள்.

ஃபுக்கி என்கிற காட்டுக்கீரை மொட்டின் கசப்பு நாக்கில் பட்டால்தான் அந்த மலைக்காரர்களுக்கு வசந்தம் வந்த மாதிரி. ஒன்றை மாமியார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். ஷோகிச்சி ஒன்றை வாயில் போட்டு, சாகேயும் ஊற்றி விழுங்கினார்.

"பிரமாதம். எங்க கிடைச்சுது?"

"விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி. சாக்கு நிறைய. யாரோ புண்ணியவான் வெச்சுட்டுப் போயிருக்கார்."

ஆயுள்பூ மொட்டை ஃபுக்கி என்று நினைத்துத் தின்றுவிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்கு ஓடாத வருஷம் அந்த மலையில் இல்லை.

"மிட்சுயோ, நீ சாப்பிடாதே!"

"ஏன்?"

"குளிச்சுட்டு வந்த உடம்பு..."

"குளிச்ச உடம்புக்குப் பசிக்காதா?" ஒன்றை எடுத்துக் கடித்தாள். மொறுமொறுவென்று மென்றாள். "கசப்பு போதல. என்னங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு? அத்தை பாருங்க, இன்னிக்கு உங்களையே பாக்குறாங்க."

படத்தில் அம்மா அவரையேதான் பார்த்தாள். வாய் ஓரம் அசைந்த மாதிரிகூட இருந்தது. ஷோகிச்சி மார்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி, "அம்மா, அம்மா" என்றார். கண்ணைத் திறந்தார்.

உலகம் மஞ்சளாக இருந்தது.

சோறு மஞ்சள். காகிதக் கதவு மஞ்சள். படத்தில் அம்மா மஞ்சள். எதிரே மென்றுகொண்டிருந்த மிட்சுயோவின் பல்கூட மஞ்சள்.

"துப்பு! துப்பிடு! டாக்டரைக் கூப்பிடு! பன்றி இல்ல, நான்தான்! அது ஃபுக்கி இல்ல, அம்மாவோட பூ! நான்தான் தோண்டினேன்!"

மிட்சுயோ இன்னொன்றை எடுத்தாள். "எதுக்குத் தோண்டினீங்க?"

"கல்லுக்கு! உயிர் போகுது, இப்பவா விசாரணை? கல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ சொல்ற இடத்துல போட்டுக்கோ!"

"எங்க சொன்னாலுமா?"

"எங்க சொன்னாலும்! அம்மா மேல சத்தியம்!"

அவள் படத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்கல்ல அத்தை?" அப்புறம் எழுந்து விளக்குக் கயிற்றை இழுத்தாள். விளக்கு அணைந்தது. உலகம் பழையபடி சாம்பல் நிறமானது.

"புது பல்பு. நீங்க கண்ணை மூடினப்ப போட்டேன். மஞ்சள் கொஞ்சம் தூக்கல்தான், நாளைக்கு மாத்திடலாம்."

ஷோகிச்சி தட்டிலிருந்து ஒரு மொட்டை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது ஃபுக்கியேதாங்க. கிணத்தடியிலேர்ந்து வீட்டுக்கு அடியில ஊர்ந்து வந்து பாத்தியையே அடைச்சுக்கிச்சு. அதனாலதான் பூச்செடியெல்லாம் போன இலையுதிர் காலத்துலயே தொட்டிக்கு மாத்தி, தொராசோ வீட்டுல வெச்சிருக்கேன். ஆயுள்பூ வேர் கறுப்பு நூல்கண்டு மாதிரி இருக்கும். நீங்க இழுத்தது கயிறு மாதிரி இருந்துச்சே. பொறந்ததிலேர்ந்து பாத்த செடி, ஒரு தடவையாவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"நான் தோண்டப்போறது உனக்கு எப்படி..."

"வண்டி தொராசோவோடது. அவன் பொண்டாட்டியோட நாக்கு ஊருக்கே சொந்தம்."

"அம்மா அறைக் கதவு?"

"நான் பஸ்ஸுல ஏறவே இல்ல. அங்க உக்காந்து மோச்சிக் கொழுக்கட்டை தின்னுக்கிட்டு பாத்தேன். ஃபுக்கியை எடுக்க அந்தப் பனி மூடின மண்ணை எப்படிக் கொத்துறதுன்னு மலைச்சுப் போயிருந்தேன். நல்லா ஆழமாத்தான் கொத்தினீங்க. முதுகு வலிக்குதா?"

மறுநாள் கல் வந்தது. மிட்சுயோ இடத்தைக் காட்டினாள். ஷோகிச்சியும் தொராசோவும் மூச்சு வாங்கத் தூக்கிப்போய் வைத்தார்கள். தொட்டிச் செடிகள் பாத்திக்குத் திரும்பின.

பத்து நாள் கழித்து சதுரங்க நண்பர்கள் கல்லைப் பார்க்க வந்தார்கள். விருந்தாளி அறைக்கு எதிரே, மிச்சப் பனியின் நடுவில், அத்தனை மஞ்சள் பூக்களும் வெயிலைப் பார்த்து வாய் திறந்திருந்தன.

"ஆமை எங்கேப்பா?" என்றார் ஒருவர்.

ஷோகிச்சி தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார். மிட்சுயோ ஊறுகாய்த் தட்டை நடுவில் வைத்தாள்.

"ஊறுகாய்ப் பீப்பாய் மேல பாரத்துக்கு உக்காந்திருக்கு. அது அழுத்தி ஊறினதுதான் இது, சாப்பிடுங்க. அடுத்த பீப்பாய்க்கும் ஒரு ஆமை தேடச் சொல்லியிருக்கேன் அவரை."